கோடைக் குமாஸ்தாக்கள்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பெரியம்மா மகளின் மகள் போன் செய்தாள். முறைக்கு எனக்கு மருமகள். பாளையங்கோட்டைப் பெண், சென்னையில் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் நான்காம் ஆண்டு.

"மாமா, ரெண்டு எடத்துல இன்டர்ன்ஷிப் வந்திருக்கு. எதுக்குப் போறதுன்னே தெரியல."

ஒன்று மும்பையில் ஒரு கார்ப்பரேட் சட்ட நிறுவனம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களைப் படித்து, எதில் வில்லங்கம் இருக்கிறது என்று அட்டவணை போடும் வேலை. உதவித்தொகை உண்டு. இன்னொன்று, செங்கல் சூளைக் கொத்தடிமைகளின் வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரின் அலுவலகம். அங்கே ஒன்றும் கிடையாது. "டீ வாங்கித் தருவாங்களாம் மாமா" என்று சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடியது. மே மாதம் ஹாஸ்டலை மூடிவிடுவார்கள். வெளியே தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், தினமும் பஸ்ஸோ ரயிலோ பிடிக்க வேண்டும்.

"நான் கம்ப்யூட்டர்காரன், என்கிட்ட கேக்கறியே?" என்றேன்.

"நம்ம வீட்ல வேற யார் இருக்கா கேக்கறதுக்கு?"

நியாயம்தான். எங்கள் குடும்பத்தில் வக்கீலைப் பார்த்தவர்கள் உண்டு, வக்கீலானவர்கள் கிடையாது. நான் அன்று அவளுக்குச் சொன்னது ஒன்றும் உருப்படியாக இல்லை. அதன்பிறகு இரண்டு மூன்று வாரம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படிப் படித்ததில் மனதில் நின்றது பெரும்பாலும் அமெரிக்கக் கதை. சட்ட மாணவர்களைப் பெரியவர்களின் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கும் ஏற்பாடு ஒரு நாட்டின் சட்டத்தையே எப்படி வளைத்தது என்பது அங்கேதான் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்த இருக்கைக்கான செலவை ஒவ்வொரு காலத்திலும் யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியோடுதான் நான் படித்தேன், அவளுடைய பஸ் காசு காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால்.

முதலில் ஒரு சொல் தகராறு. அமெரிக்காவில் 'லா கிளார்க்' என்றால் பெரிய கௌரவம். நமக்கோ வக்கீல் குமாஸ்தா என்றதும் வேறொருவர் நினைவுக்கு வருவார். கேஸ் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, வாய்தா தேதியைச் சின்ன நோட்டில் குறித்துவைத்து, சமயத்தில் வக்கீலைவிட அதிகமாகக் கோர்ட்டை அறிந்திருப்பவர். நான் இங்கே சொல்லும் குமாஸ்தா அவரல்ல. சட்டம் படித்து முடித்த, அல்லது படித்துக்கொண்டிருக்கும், இருபது சொச்சம் வயதுக்காரர்; நீதிபதிக்கோ வழக்கறிஞருக்கோ தேடிக் கொடுத்து, எழுதிக் கொடுத்து, வாதாடிப் பார்ப்பவர். நம் ஊரில் சீனியரின் அறையில் நாற்காலி கிடைக்காமல் நிற்கும் ஜூனியரை இதற்குக் கொஞ்சம் பக்கமாகச் சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் வக்கீலாவதற்கு வழி, ஒரு வக்கீலின் அலுவலகத்தில் போய் உட்காருவதுதான். தட்டச்சுப்பொறி வராத காலம். பத்திரங்களையும் மனுக்களையும் கையால் நகலெடுக்க ஆள் வேண்டும். மாணவன்தான் அந்த நகல் இயந்திரம். மிச்ச நேரத்தில் பிளாக்ஸ்டனைப் படித்துக்கொள்ளலாம். சம்பளம் என்ற பேச்சே இல்லை. பல இடங்களில் மாணவன்தான் குருவுக்குப் பணம் கட்டினான். 1870-ல் ஹார்வர்ட் சட்டப் பள்ளிக்குத் தலைவராக வந்த லாங்டெல், பழைய தீர்ப்புகளை வகுப்பறையில் அறுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அது பரவப் பரவ, தீர்ப்புகளை நன்றாகப் படித்த, ஆனால் கோர்ட்டைப் பார்த்திராத இளைஞர்கள் பெருகினார்கள். அவர்களைப் பழக்குவது யார்?

ஹோரஸ் கிரே என்ற நீதிபதி ஒரு வழி கண்டுபிடித்தார். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது 1875-லிருந்தே, அப்போதுதான் படித்து முடித்த ஹார்வர்ட் பட்டதாரி ஒருவரைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஆளைப் பொறுக்கிக் கொடுத்தவர் அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர், ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் சிப்மன் கிரே. 1882-ல் ஹோரஸ் கிரே வாஷிங்டனுக்கு, நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது வழக்கத்தையும் கூடவே எடுத்துச்சென்றார். சம்பளம் அவருடைய சொந்தப் பையிலிருந்து. 1886-ல்தான் நாடாளுமன்றம் ஒவ்வொரு நீதிபதிக்கும் சுருக்கெழுத்து உதவியாளர் ஒருவர் என்று ஆண்டுக்கு 1,600 டாலர் ஒதுக்கியது. சில நீதிபதிகள் நிஜமாகவே சுருக்கெழுத்தரை வைத்துக்கொண்டார்கள். கிரே அந்தக் காசில் பையன்களையே வைத்துக்கொண்டு, வழக்குகளைக் கொடுத்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டு அவர்களோடு மோதினார். சில சமயம் தீர்ப்பின் வரைவையும் எழுதச் சொல்வார். இருபத்தைந்து வயதுப் பையனிடம் நாட்டின் நீதிபதி கருத்துக் கேட்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை.

இந்த ஏற்பாட்டின் நல்லதும் கெட்டதும் முதல் நாளே அதற்குள் இருந்தன. நல்லது, பணம் இல்லாதவனும் அதில் நுழையலாம், ஏனென்றால் சம்பளம் உண்டு. கெட்டது, பேராசிரியர் கைகாட்டினால்தான் கதவு திறக்கும். பேராசிரியரின் கண் எங்கே போகுமோ அங்கேதான் கை போகும்.

கிரேயிடம் மாசசூசெட்ஸில் அப்படி வேலை பார்த்த பையன்களில் ஒருவர் லூயிஸ் பிராண்டைஸ். பிறகு பாஸ்டனில் வணிக வழக்கறிஞராக நன்றாகச் சம்பாதித்தார். சம்பாதித்ததை வைத்து அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பொதுக் காரியங்களுக்குக் கட்டணம் வாங்காமல் உழைத்தார். அந்த நேரத்தால் தன் கூட்டாளிகளுக்கு நஷ்டம் வரக் கூடாதென்று, அந்த மணிநேரங்களுக்கான பணத்தைத் தன் கைக்காசிலிருந்து தன் சொந்த நிறுவனத்துக்கே கட்டினார். இலவசம் என்றால் அதன் செலவை எங்கேயோ யாரோ கட்டுகிறார்கள் என்று புரிந்துவைத்திருந்த மனிதர். 1905-ல் ஹார்வர்ட் மாணவர்களிடம் பேசும்போது, திறமையான வக்கீல்களெல்லாம் பெரிய கம்பெனிகளின் துணைக்கருவிகளாகிவிட்டார்கள், மக்களைக் காப்பதற்குத் தங்கள் திறமையைப் பயன்படுத்த மறந்துவிட்டார்கள் என்று குறைப்பட்டார். 1916-ல் அவரே உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

அதே காலத்தில் நியூயார்க்கில் பால் கிரவாத் எதிர்த்திசையில் ஒரு முறையை வகுத்துக்கொண்டிருந்தார். அதுவரை அங்கே சட்ட அலுவலகங்களில் இளம் குமாஸ்தாக்கள் சம்பளமில்லாமலோ பேருக்கு ஏதோ வாங்கிக்கொண்டோ காலம் தள்ளுவது சகஜம். சிறந்த கல்லூரிகளில் சிறந்த மதிப்பெண் எடுத்தவர்களை நேராக எடு, முதல் நாளிலிருந்து சம்பளம் கொடு, சில ஆண்டுகள் பழக்கு, தேறினால் பங்குதாரர், தேறாவிட்டால் வெளியே போ என்றார் கிரவாத். இன்று உலகெங்கும் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்கள் நடப்பது ஏறக்குறைய இப்படித்தான். எங்கள் மென்பொருள் கம்பெனிகள் கல்லூரி வளாகத்துக்கு வந்து ஆள் எடுப்பதும் இதன் தூரத்துச் சொந்தம். மாணவனின் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டது வணிகச் சட்டத்தின் பக்கம். அதை நாம் மறைக்கக் கூடாது.

பொதுநலத்தின் பக்கம் அந்த விலையைக் கொடுக்க ஆளில்லை. அங்கே நடந்தது வேறு கதை.

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் கறுப்பினத்தவர். ஹார்வர்டில் சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர். 1923-ல் அங்கேயே ஆய்வுப் பட்டமும் பெற்றார். அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர். நீதிபதிகள் ஹோம்ஸுக்கும் பிராண்டைஸுக்கும் ஹார்வர்டிலிருந்து ஆண்டுதோறும் உதவியாளர்களைப் பொறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தவர் இதே ஃபிராங்ஃபர்ட்டர்தான். அந்த வாசல் வழியாக ஒரு கறுப்பின இளைஞர் உச்ச நீதிமன்றத்துக்குள் நுழைய 1948 ஆயிற்று.

ஹூஸ்டன் வேறொரு வாசல் கட்டினார். வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி அப்போது பெரும்பாலும் மாலை வகுப்பு. பகலில் அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் இரவில் வந்து படித்தார்கள். 1930 வாக்கில் பொறுப்புக்கு வந்த ஹூஸ்டன் அதை முழுநேரப் பள்ளியாக்கினார். 1931-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. பழைய மாணவர்கள் பலர் கோபப்பட்டார்கள். வேலையை விட்டுவிட்டுப் பகலில் படிக்க எத்தனை கறுப்பினக் குடும்பங்களுக்கு வசதி இருந்தது? ஹூஸ்டனின் முடிவு சரிதான் என்று வரலாற்றைப் படிப்பவர்கள் சொல்லிவிடலாம். பகல் வேலையை விட முடியாமல் அன்றைக்குப் பள்ளியை விட்டுப் போனவரின் பெயர் வரலாற்றில் இல்லை என்பதால் அப்படிச் சொல்வது சுலபம்.

வசதியில்லாமலும் தங்கியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர் பையன். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டப் பள்ளி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. விடியற்காலை ரயிலேறி வாஷிங்டன் வந்து, படித்து, சட்ட நூலகத்தில் உதவியாளாக வேலை பார்த்து, இரவு திரும்புவார். கட்டணத்துக்காக அவர் அம்மா கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகுவைத்தார். அடகுக்கடை ஏறாத கல்விக் கதை நம் ஊரிலும் குறைவு என்பதால், இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாக இல்லை.

ஹூஸ்டன் மாணவர்களை வகுப்பறையோடு விடவில்லை. வழக்குகளுக்கான ஆராய்ச்சியில் இறக்கினார். தென் மாநிலங்களுக்குக் காரில் போய்க் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்கூடங்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்த்தபோது மார்ஷலையும் அழைத்துப்போனார். வக்கீல் என்பவன் சமூகப் பொறியாளனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் சமூகத்தின் ஒட்டுண்ணி என்று மாணவர்களிடம் சொல்வாராம். எங்கள் துறையில் 'சோஷியல் இன்ஜினியரிங்' என்றால் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று போன் போட்டு ஓ.டி.பி. வாங்கும் திருட்டுத்தனம். ஒரு நல்ல சொல்லை நாங்கள் இப்படி ஆக்கிவைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மார்ஷல் 1933-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். மூன்றே ஆண்டில், 1936-ல், ஹூஸ்டனோடு சேர்ந்து நடத்திய வழக்கில், தன்னைப் போன்றவர்களை உள்ளே விடாத அதே மேரிலாந்து சட்டப் பள்ளியின் கதவைத் திறக்கவைத்தார். பிறகு அவர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் போகுமுன் ஹோவர்டில் ஒத்திகை நடக்கும். பேராசிரியர்களும் மாணவர்களும் நீதிபதிகளாக உட்கார்ந்து குடைவார்கள். காசில்லாத பக்கத்துக்கு அந்த மாணவர்கள்தான் குமாஸ்தாக்கள்.

நான் சொல்ல வந்த பந்தயம் அந்த ஹோவர்டில்தான் நடந்தது. 1944. பாலி மரே இறுதியாண்டு மாணவி. வகுப்பில் ஒரே பெண். முதல் நாளே ஒரு பேராசிரியர், பெண்கள் எதற்காகச் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று தெரியவில்லை என்று சொல்ல, வகுப்பு சிரித்தது. நிறத்தை வைத்து ஒதுக்குவதற்கு 'ஜிம் க்ரோ' என்று பெயர் இருந்தது; இதற்கு மரே 'ஜேன் க்ரோ' என்று பெயர் வைத்தார்.

அப்போது கறுப்பின வழக்கறிஞர்களின் உத்தி இப்படி இருந்தது: 1896-ன் பிளெஸ்ஸி தீர்ப்பு, தனித்தனியாக வைக்கலாம், ஆனால் சமமாக இருக்க வேண்டும் என்கிறது. சரி, சமம் எங்கே காட்டு என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்போம். சமமாகக் கட்டிக் கொடுக்கும் செலவு தாங்காமல் அவர்களே பிரிவினையைக் கைவிடட்டும். மரே வகுப்பில் எழுந்து, சமத்தை விடுங்கள், தனித்தனி என்பதையே அடியுங்கள் என்றார். வகுப்பு மறுபடி சிரித்தது. நடக்காத காரியம், தோற்றால் இருப்பதும் போகும் என்பது பொதுக் கருத்து. பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் மரே பத்து டாலர் பந்தயம் கட்டினார்: இருபத்தைந்து ஆண்டுக்குள் பிளெஸ்ஸி தீர்ப்பு கவிழும். பிறகு அதே வாதத்தை, அரசியல் சட்டத்தின் 13-ஆம், 14-ஆம் திருத்தங்களை வைத்து, பிரித்துவைப்பதே மனிதருக்குள் என்ன செய்கிறது என்ற உளவியல் பக்கத்தையும் சேர்த்து, தன் இறுதிக் கட்டுரையாக எழுதி ராபின்சனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வகுப்பில் முதலிடம். அந்தப் பரிசுத்தொகையில் மேற்படிப்புக்கு ஹார்வர்ட் போவது ஹோவர்டில் வழக்கம். ஹார்வர்ட், பெண்களைச் சேர்ப்பதில்லை என்று எழுதிவிட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கடிதம்கூட உதவவில்லை. பெர்க்லிக்குப் போனார்.

அதே 1944-ல்தான் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் உதவியாளர் லூசில் லோமன் நீதிபதி டக்ளஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். இளைஞர்கள் போருக்குப் போயிருந்ததால் கிடைத்த இடம். போர் முடிந்தது, அடுத்த பெண் உள்ளே வர 1966 வரை இருபத்திரண்டு ஆண்டுகள்.

1948-ல் வில்லியம் கோல்மன் வந்தார். ஹார்வர்டில் முதலிடம் பெற்ற கறுப்பின இளைஞர். அவரை எடுத்துக்கொண்டவர், அதற்குள் நீதிபதியாகியிருந்த ஃபிராங்ஃபர்ட்டர். உச்ச நீதிமன்றத்தில் ஓராண்டு முடித்து வெளியே வந்த கோல்மனுக்குச் சொந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் எந்தப் பெரிய நிறுவனமும் வேலை தரவில்லை. நியூயார்க்கின் பால், வைஸ் நிறுவனம் 1949-ல் எடுத்துக்கொண்டது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தார். மார்ஷல் அவரைத் தேடி வந்தார். அதன்பின் பகலில் கம்பெனிகளின் வழக்கு, மிச்ச நேரத்தில் மார்ஷலுக்கான ஆராய்ச்சி. பின்னாளில் பிரௌன் வழக்கின் மனுவை எழுதியவர்களில் அவரும் ஒருவர். பொதுநலம் ஒரு கரை, வணிகம் எதிர்க்கரை என்று பேசுபவர்கள் கோல்மனின் ரயில் பயணத்தை யோசித்துப் பார்க்கலாம். பிரௌன் வழக்கின் ஒரு பகுதிச் செலவை, தெரிந்தோ தெரியாமலோ, கம்பெனி வழக்குகள் கட்டின.

1953-ல் அந்த வழக்கின் மறு விசாரணைக்குத் தயாரானபோது, அணியில் இருந்த ராபின்சனுக்குப் பழைய மாணவியின் கட்டுரை நினைவுக்கு வந்தது. அலமாரியிலிருந்து எடுத்தார். அணி படித்தது. 1954 மே 17 அன்று, பள்ளிகளில் பிரித்துவைப்பது அடிப்படையிலேயே சமமின்மை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பந்தயத்துக்கு வைத்த காலத்தில் பத்தாண்டுதான் முடிந்திருந்தது.

மரேக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அந்தப் பத்தாண்டில் அவர் மாநிலம் மாநிலமாக நிறவெறிச் சட்டங்களைத் தொகுத்து 1951-ல் 746 பக்கத்தில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். மார்ஷல் அதைத் தங்கள் வேதப் புத்தகம் என்றார். 1952-ல் கார்னெல் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு வேலையை மறுத்தது. பரிந்துரை தந்தவர்கள் எலினார் ரூஸ்வெல்ட்டும் தர்குட் மார்ஷலும் போன்றவர்கள். மெக்கார்த்தி காலத்தில் அந்தப் பெயர்களே ஆபத்தாகப்பட்டன. 1963-ல் ஹோவர்டுக்குப் போனபோதுதான், அந்தப் பழைய கட்டுரை எங்கே என்று ராபின்சனிடம் கேட்கப்போக, நாங்கள் அதை பிரௌன் வழக்குக்குப் பயன்படுத்தினோமே என்றார் அவர். ஒரு மாணவி வீட்டுப்பாடமாக எழுதியது. பத்தொன்பது ஆண்டு.

இந்த இடத்தைப் படித்தபோது என் முதல் இன்டர்ன்ஷிப் ஞாபகம் வந்தது. ஒரு பெங்களூர் கம்பெனி இரண்டு மாதம் நல்ல உதவித்தொகை கொடுத்து, ஏசி அறையில் உட்காரவைத்தது. நான் செய்தது ஒரு பட்டனை இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கத்துக்கு நகர்த்தியது. நான் கிளம்பிய அடுத்த மாதம் அதை மறுபடி இடதுபக்கத்துக்கே மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அதற்கு என் பெயர் போட்டிருந்தது, காசும் வந்திருந்தது.

1956-ல் மரே வேலைக்குச் சேர்ந்த இடமும் அதே பால், வைஸ். 1958 கோடையில் அங்கே வேலை பார்க்க ஒரு சட்ட மாணவி வந்தார். ரூத் பேடர் கின்ஸ்பர்க். இரண்டாம் ஆண்டு முடித்திருந்தார், கையில் மூன்று வயதுக் குழந்தை. கோடை முடிந்தது; படிப்பு முடிந்தபின் வேலைக்கு வா என்ற அழைப்பு வரவில்லை. கொலம்பியாவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு தேறியவருக்கு நியூயார்க்கில் எந்த நிறுவனமும் இடம் தரவில்லை. ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவர் ஃபிராங்ஃபர்ட்டருக்குப் பரிந்துரைத்தார். 1948-ல் கோல்மனை எடுத்த அதே ஃபிராங்ஃபர்ட்டர், 1960-ல் ஒரு பெண்ணை எடுக்கத் தயாராக இல்லை என்றார். ஒரு கதவைத் திறக்கிறவருக்குப் பக்கத்துக் கதவு கண்ணில் படுவதில்லை போலும்.

கடைசியில் கொலம்பியாவின் ஜெரால்ட் குந்தர், மாவட்ட நீதிபதி பால்மியரியிடம் பேசினார். இந்தப் பெண்ணை எடுக்காவிட்டால் இனிமேல் கொலம்பியாவிலிருந்து உங்களுக்கு ஒருவரையும் அனுப்பமாட்டேன் என்று மிரட்டலும், இவர் சரிப்படாவிட்டால் உடனே ஒரு பையனை அனுப்புகிறேன் என்று சமாதானமும். இரண்டு ஆண்டு அங்கே வேலை பார்த்தார் கின்ஸ்பர்க். மாற்று ஆள் தேவைப்படவில்லை.

1968 கோடை வேறு மாதிரி. கார் கம்பெனிகளோடு மோதிப் பெயர்பெற்றிருந்த ரால்ஃப் நேடரிடம் ஏழு மாணவர்கள் சேர்ந்து, நுகர்வோரைக் காக்க வேண்டிய மத்திய வர்த்தக ஆணையத்தைக் குடைந்தார்கள். அலுவலகத்தில் யார் வேலை செய்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று எழுதினார்கள். 1969 ஜனவரியில் அறிக்கை வந்தது. பிறகு அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே ஒரு குழு போட்டு விசாரித்து, பையன்கள் சொன்னது பெரும்பாலும் சரி என்றது. ஆணையம் மாற்றியமைக்கப்பட்டது. பத்திரிகைகள் அவர்களை 'நேடரின் படை' என்றன. அந்த ஏழு பேரில் ஒருவர் முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட்டின் கொள்ளுப்பேரன். இன்னொருவர் எட்வர்ட் காக்ஸ், 1971-ல் ஜனாதிபதி நிக்சனின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர். அவர்கள் செய்தது நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு முழுக் கோடையையும் சொற்பக் காசில் ஓட்ட யாரால் முடிந்தது என்பதையும் அந்தப் பெயர்ப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

அதன்பின் அந்தக் கேள்விக்கு அரைகுறையான பதில்கள் வந்தன. 1968-ல் ஃபோர்ட் அறக்கட்டளையின் பணத்தில் சட்டப் பள்ளிகளுக்குள்ளேயே ஏழைகளுக்கான வழக்கு மையங்கள் பெருகத் தொடங்கின. பொதுநல வேலைக்குப் போகும் தோழர்களுக்காக மாணவர்களே ஏலம் நடத்திப் பணம் திரட்டும் வழக்கமும் பல பள்ளிகளில் வந்தது. ஆனால் வெளியே ஒரு பயிற்சிக்குப் போனால் காசு வாங்கலாம் அல்லது படிப்புக்கான மதிப்பு வாங்கலாம், இரண்டையும் வாங்கக் கூடாது என்ற அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி 2016 வரை இருந்தது. இன்னொரு பக்கம், பெரிய வணிக நிறுவனங்கள் முதலாண்டு வழக்கறிஞருக்கு 2023 இறுதியில் ஆண்டுச் சம்பளத்தை 2,25,000 டாலராக உயர்த்தின; கோடை மாணவருக்கும் வாரக் கணக்கில் அதே விகிதம்தான். உச்ச நீதிமன்றத்தில் ஓராண்டு உதவியாளராக இருந்தவரை அழைத்துக்கொள்ள, சம்பளம் போக அரை மில்லியன் டாலர் அளவுக்கு முன்பணம் தருகிறார்கள். ஹோரஸ் கிரேயின் சட்டைப்பையிலிருந்து தொடங்கியது அங்கே வந்து நிற்கிறது.

நம் பார் கவுன்சிலின் 2008 விதிகள் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி வேண்டும் என்கின்றன. தொண்டு நிறுவனம், வழக்கறிஞர், நீதிமன்றம், சட்ட நிறுவனம், கம்பெனி என்று இடங்களை வரிசையாகச் சொல்கின்றன. அந்த வாரங்களின் செலவு மாணவரின் வீட்டோடு. படித்து முடித்த ஜூனியர்களுக்காவது 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பேசியது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று.

1971-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ரீட் வழக்கு வந்தது. இறந்த மகனின் சொத்தை நிர்வகிக்க, தந்தைக்கும் தாய்க்கும் போட்டி என்றால் தந்தைக்கே முன்னுரிமை என்றது இடாஹோ மாநிலச் சட்டம். தாய்க்கான மனுவை எழுதியவர், அப்போது ரட்கர்ஸில் பேராசிரியராக இருந்த கின்ஸ்பர்க். சட்ட மாணவிகள் சிலர் ஆராய்ச்சியில் உதவினார்கள். நிறப் பாகுபாட்டுக்கு எதிரான 14-ஆம் திருத்தத்தைப் பெண்களுக்கும் நீட்ட வேண்டும் என்ற வாதத்தை, அறுபதுகளில் மரே எழுதியவற்றிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தார். மனுவின் முகப்பில் வழக்கறிஞர்களின் பெயர்களோடு பாலி மரேயின் பெயரையும் போட்டார். மரே அந்த மனுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது யாருடைய தோளில் நிற்கிறது என்று தெரியட்டும் என்பதற்காகப் போட்டதாகக் கின்ஸ்பர்க் பின்னாளில் சொன்னார். நவம்பர் 22 அன்று தாயின் பக்கம் தீர்ப்பு வந்தது.

மருமகளுக்கு இதையெல்லாம் ஒரு இரவு போனில் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். இல்லை. "அப்போ ராபின்சன் சார் அந்தப் பேப்பரத் தூக்கிப் போடாம வெச்சிருந்தாருல்ல மாமா, அதுதான் பெரிசு" என்றாள். எனக்குத் தோன்றாத விஷயம்.

மே மாதம் செங்கல் சூளை வக்கீலிடம்தான் போனாள். நான்கு வாரத்துக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் நான் தருகிறேன் என்றேன். முதலில் வேண்டாம் என்றாள், பிறகு கடனாக எழுதிவைக்கச் சொன்னாள். என் டைரியில் 11,500 ரூபாய் என்று அவள் பெயரில் இருக்கிறது. முதல் வாரம் முழுக்க, மீட்கப்பட்ட ஒரிசாக் குடும்பங்களின் முன்பணக் கணக்கு நோட்டுகளைப் படித்து அட்டவணை போட்டிருக்கிறாள். மும்பை நிறுவனம் அவள் மறுத்த இடத்தை அவளுடைய அறைத்தோழிக்குக் கொடுத்தது. அந்தப் பெண்ணும் அதே சூளை வழக்குக்குத்தான் முதலில் விண்ணப்பித்திருந்தாளாம். அவள் அப்பா பெரம்பலூரில் லாரி ஓட்டுகிறார்.